கிளட்ச் பிடித்துக் கை கடுக்கும் தோழர்களுக்கு

அன்புள்ள தம்பிகளே, தங்கைகளே,

சாப்பாடும் பார்சலும் கொண்டுசேர்க்கிறவர்கள், பைக் டாக்சி ஓட்டுகிறவர்கள், வண்டி நின்றால் அன்றைய வரும்படியும் நின்றுபோகும் என்ற நிலையில் இருக்கிற உங்கள் எல்லோருக்கும் இந்த மடல். நான் இருசக்கர வண்டி மெக்கானிக். ஓட்டல்கள் நெருக்கமாக இருக்கிற சாலையில் கடை. கேபிள் அறுந்த வண்டியை வேர்த்து விறுவிறுக்கத் தள்ளிக்கொண்டு, கையில் ஆறிப்போகிற ஆர்டரோடு நீங்கள் வந்து நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எழுத நினைத்ததை இப்போது எழுதுகிறேன்.

பஞ்சர் எப்போது ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. கேபிள் அப்படியல்ல. பல வாரங்களுக்கு முன்பே சொல்லிவிட்டுத்தான் அறுகிறது. முதலில் லிவர் கொஞ்சம் கடினமாகும். பிறகு பிடிக்கும்போது உள்ளே ஏதோ உரசுவது விரலுக்குத் தெரியும். அதற்குப் பிறகு, விட்ட லிவர் சட்டென்று திரும்பாமல் சோம்பலாகத் திரும்பும். இந்த மூன்றில் முதல் அறிகுறி தெரிந்த அன்றைக்கே சில சொட்டு எண்ணெய் விட்டிருந்தால் கேபிளும் பிழைத்திருக்கும், கையும் பிழைத்திருக்கும். கேபிளுக்கு எண்ணெய் விடுவதை வீட்டு வாசலிலேயே, ஒரு ஸ்பேனரும் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் வைத்துக்கொண்டு நீங்களே செய்யலாம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

"அண்ணே, கிளட்ச் ரொம்ப ஹார்டா இருக்கு, பிளேட் போயிருச்சா?" என்று கேட்டுக்கொண்டு வருகிறவர்கள் நிறையப் பேர். பிளேட் தேய்ந்தால் லிவர் கடினமாகாது. ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் எஞ்சின் சத்தம் மட்டும் ஏறும், வண்டி இழுக்காது; அதுதான் பிளேட் தேய்ந்த வண்டி. லிவர் கடினமானால் முதல் சந்தேகம் கேபிள் மேல்தான் வரவேண்டும், அடுத்து லிவர் போல்ட் மேல், அதற்கும் பிறகு எஞ்சின் பக்கம் கேபிள் இழுக்கிற கை மேல். இந்த வரிசை தெரியாததால் கேபிளுக்குச் சொட்டு எண்ணெய் போதுமாக இருந்த இடத்தில் பிளேட் செட்டுக்கே பணம் கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கேபிள் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் மீதி எல்லாம் எளிது. இரண்டே உறுப்பு. உள்ளே ஓடுவது இன்னர்: மெல்லிய எஃகு இழைகள் பலவற்றை முறுக்கிச் செய்த கம்பி. வெளியே இருப்பது அவுட்டர். கறுப்பு பிளாஸ்டிக் குழாய் போலத் தெரிந்தாலும் அந்தப் பிளாஸ்டிக்குக்குள் எஃகுக் கம்பியை ஸ்பிரிங் போல நெருக்கமாகச் சுற்றி வைத்திருப்பார்கள். வளைத்தால் வளையும், நீளவாக்கில் அமுக்கினால் சுருங்காது. இன்னர் இழுக்கிறது, அவுட்டர் முட்டுக்கொடுக்கிறது. இரண்டும் சேர்ந்துதான் உங்கள் விரலின் பலத்தை எஞ்சின்வரை கொண்டுபோகின்றன. அயர்லாந்தில் பிறந்த எர்னஸ்ட் மானிங்டன் பௌடன் 1896-இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். முதலில் சைக்கிள் பிரேக்கில் வந்து, பிறகு மோட்டார் சைக்கிளுக்கு ஏறியது. இன்றைக்கும் உங்கள் வண்டியில் இருப்பது அடிப்படையில் அதே அமைப்புத்தான். இப்போதைய கேபிள்களில் அவுட்டருக்குள் நைலான் அல்லது டெஃப்லானில் மெல்லிய குழல் ஒன்று கூடுதலாக இருக்கும், கம்பி அதற்குள் வழுக்கிக்கொண்டு ஓடும்.

கம்பி நேராக ஓடினால் உரசல் அதிகம் இருக்காது. வளைவில்தான் உரசுகிறது. கிளட்ச் கேபிளின் பாதையை ஒருமுறை விரலால் தொட்டுக்கொண்டே போய்ப் பாருங்கள். இடது கைப்பிடியில் தொடங்கி, ஹெட்லைட்டுக்குப் பின்னால் வளைந்து, ஃபிரேமின் கழுத்தைச் சுற்றிக்கொண்டு, டேங்குக்கு அடியில் இறங்கி, பெரும்பாலான கம்யூட்டர் பைக்குகளில் எஞ்சினின் வலதுபுறம் போய் முடிகிறது. எல்லா வளைவையும் கூட்டினால் பாதி வட்டம், சில வண்டிகளில் அதற்கும் மேல்.

ஆய்லர் என்ற கணித மேதை கயிறும் உருளையும் பற்றிப் போட்ட கணக்கு ஒன்று இங்கே அப்படியே பொருந்தும். வளைவுகளின் மொத்தக் கோணமும் உரசலின் அளவும் சேர்ந்து, இழுக்கத் தேவையான விசையைப் பெருக்கிக்கொண்டே போகும். எஞ்சின் பக்கம் கிளட்சைத் திறக்க 10 கிலோ இழுப்பு வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வளைவு மொத்தம் 180 டிகிரி. கேபிள் நன்றாக வழுக்கி ஓடினால், அதாவது உராய்வு எண் 0.1 என்றால், லிவர் பக்கம் ஏறத்தாழ 14 கிலோ இழுத்தால் போதும். உள்ளே காய்ந்து துருவேறி அதே எண் 0.3 ஆகிவிட்டால் ஏறத்தாழ 26 கிலோ இழுக்கவேண்டும். லிவர் நீளம் இருப்பதால் விரலில் உணர்வது இதைவிடக் குறைவுதான். ஆனால் விகிதம் மாறாது. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஒவ்வொரு சிக்னலிலும், ஒவ்வொரு கியருக்கும், ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரிலும் அந்த இரண்டு மடங்கை உங்கள் இடது கைதான் கொடுக்கிறது. இரவு வீடு திரும்பியதும் கட்டைவிரல் அடியும் மணிக்கட்டும் கடுப்பதை வயசு, உடம்பு என்று சொல்லித் தள்ளிவிடாதீர்கள். முதலில் கேபிளைப் பாருங்கள்.

உங்கள் வண்டிகளில் மட்டும் அடிக்கடி பார்க்கிற ஒரு விஷயமும் இந்தக் கணக்கில் வரும். மொபைல் ஹோல்டர். கைப்பிடியில் ஹோல்டர் மாட்டும்போது கடைக்காரர் கேபிள்களையும் சேர்த்து டேக் போட்டு இறுக்கிக் கட்டிவிடுகிறார். சார்ஜர் வயரையும் அதோடு சுற்றிவிடுகிறார். அந்த இடத்தில் புதிதாக ஒரு வளைவு உண்டாகிறது. ஹேண்டிலைத் திருப்பும்போது கேபிள் நகர இடமும் இல்லாமல் போகிறது. எண்ணெய் விடுமுன் அந்த டேக்குகளை வெட்டி எறியுங்கள். கேபிள் கம்பெனியில் போட்ட வளையத்துக்குள் மட்டும் தளர்வாக ஓடட்டும்.

தண்ணீர்தான் கேபிளுக்குப் பெரிய எதிரி. லிவர் பக்கம் கேபிளின் வாய் மேல்நோக்கித் திறந்திருக்கிறது. ரப்பர் மூடி கிழிந்துபோன வண்டியில் மழைநீர் நேராக உள்ளே இறங்கி, தாழ்வான வளைவில் தங்கிவிடும். வெளியே தெரியாது, காயவும் நாளாகும். அங்கேதான் துரு பிடிக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் சென்னையில் எத்தனையோ வண்டிகள் தண்ணீரில் நின்றன. எஞ்சினைத் திறந்து பார்த்தார்கள், ஆயில் மாற்றினார்கள், கேபிளைப் பலர் நினைக்கவே இல்லை. மழை மட்டுமல்ல, வாட்டர் வாஷும் இதையே செய்யும். பிரஷர் கன்னை லிவர் பக்கம் நீட்டினால் உள்ளே இருக்கிற கொஞ்ச நஞ்ச எண்ணெயும் கழுவிக்கொண்டு போய்விடும். வாட்டர் சர்வீஸ் முடிந்த அடுத்த வாரமே கிளட்ச் கடினமாகிறதென்றால் காரணம் இதுதான். கைப்பிடிப் பக்கம் பிரஷர் அடிக்காதீர்கள் என்று கழுவுகிறவரிடம் சொல்லிவிடுங்கள்.

எந்த எண்ணெய் என்பதில்தான் பெரிய குழப்பம். மெல்லிய எண்ணெய் வேண்டும், அவ்வளவுதான். தையல் மெஷின் எண்ணெய் நல்லது. வண்டிக்கு ஊற்றிய எஞ்சின் ஆயிலில் டப்பாவின் அடியில் மிச்சம் இருக்குமே, 10W-30, அதுவும் நல்லது. கழற்றிய பழைய கறுப்பு ஆயிலைத் தொடவே தொடாதீர்கள். அதில் இருக்கிற கரியும் உலோகத் தூளும் கம்பியை அரத்தால் ராவுவது போல ராவிவிடும். தேங்காய் எண்ணெய் வீட்டில் கைக்கெட்டுகிற இடத்தில் இருக்கும், ஆனால் அது 24 டிகிரி வாக்கில் உறைகிற பொருள்; மார்கழி விடியற்காலையில் கேபிளுக்குள் கட்டியாகும். கடலை எண்ணெய், நல்லெண்ணெய் எல்லாம் நாள்பட்டால் பிசினாகும். கிரீஸ் உள்ளே ஓடாது. வாயிலேயே நின்று மண்ணைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஸ்பீடோமீட்டர் கேபிள் மட்டும் விலக்கு. அதன் கம்பி இழுபடுவதில்லை, சுழல்கிறது, அதற்குக் கொஞ்சம் கிரீஸ் தடவுவதுதான் வழக்கம். துருவை இளக்கும் ஸ்பிரேக்களை அழுக்கும் ஈரமும் வெளியேற்றப் பயன்படுத்தலாம். ஆனால் அவை சீக்கிரம் காய்ந்துவிடும், அதனால் பின்னாலேயே எண்ணெய் விட்டாகவேண்டும். டெஃப்லான் குழல் வைத்த சில கேபிள்களுக்கு எண்ணெயே வேண்டாம் என்று கம்பெனி சொல்லியிருக்கும். வண்டியோடு வந்த கையேட்டை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். அதில் எழுதியிருப்பது நான் சொல்வதைவிடப் பெரிது.

இனி வேலை. கிளட்ச் கேபிளிலிருந்து தொடங்கலாம், அதுதான் அதிகம் உழைக்கிறது.

வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி எஞ்சின் ஆறவிடுங்கள். எதையும் கழற்றுமுன் கேபிள் போகிற பாதையை மொபைலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். லிவர் பக்கம் ரப்பர் மூடியைப் பின்னால் தள்ளினால் அட்ஜஸ்டரும் அதை இறுக்கிப் பிடித்திருக்கிற லாக் வளையமும் தெரியும். வளையத்தைத் தளர்த்தி, அட்ஜஸ்டரை உள்ளே முழுவதும் திருகுங்கள். எஞ்சின் பக்கமும் ஒரு அட்ஜஸ்டர் இருக்கும். அதன் நட்டைத் தளர்த்தினால் கேபிள் தொளதொளவென்று ஆகும். அட்ஜஸ்டர், வளையம், லிவர் பிராக்கெட் மூன்றிலும் நீளமாக ஒரு வெட்டு இருப்பதைக் கவனியுங்கள். மூன்று வெட்டும் ஒரே நேர்கோட்டில் வருமாறு திருப்பி, அவுட்டரைப் பின்னால் இழுத்தால் இன்னர் அந்த வெட்டு வழியாக வெளியே வந்துவிடும். லிவருக்குள் உட்கார்ந்திருக்கிற உருளை, அதைத்தான் நிப்பிள் என்கிறோம், கீழ்ப்பக்கமாகக் கழன்று கையில் விழும்.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். அந்த நிப்பிளை வெளிச்சத்தில் பிடித்து, கம்பி அதற்குள் நுழைகிற கழுத்தைப் பாருங்கள். கிளட்ச் கேபிள் பெரும்பாலும் அறுவது அந்த ஒரு விரற்கடை இடத்தில்தான். லிவரைப் பிடிக்கும்போது நிப்பிள் அதன் குழியில் கொஞ்சம் சுழலவேண்டும். குழியில் மண்ணும் துருவும் அடைத்துச் சுழலாமல் போனால், ஒவ்வொரு பிடிக்கும் கம்பி அந்தக் கழுத்தில் மடங்கி நிமிரும். முதலில் ஒரு இழை அறும், பிறகு அடுத்தது. அறுந்த இழை முள்ளாக நீட்டிக்கொண்டு விரலைக் குத்தும். ஒரே ஒரு இழை அப்படி நீட்டிக்கொண்டிருந்தாலும் அந்தக் கேபிளுக்கு எண்ணெய் விடாதீர்கள். மாற்றிவிடுங்கள். மிச்ச இழைகள் எத்தனை நாள் தாங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அவுட்டரின் பிளாஸ்டிக் கிழிந்து உள்ளே இருக்கிற சுருள் தெரிந்தாலும் அப்படித்தான்.

கழுத்து நன்றாக இருந்தால் மேலே போகலாம். கெட்டியான பாலித்தீன் கவர் ஒன்றை எடுத்து, ஒரு மூலையைச் சிறிதாக வெட்டுங்கள். அந்த ஓட்டை வழியாக நிப்பிளையும் கம்பியையும் உள்ளே விட்டு, அவுட்டரின் வாய் கவருக்குள் கொஞ்சம் நுழைந்ததும், வெளியிலிருந்து இன்சுலேஷன் டேப்பால் ஒழுகாதபடி இறுக்கிச் சுற்றுங்கள். இப்போது கவர் ஒரு புனல். கேபிளின் இந்த முனையை எல்லாவற்றிலும் உயரமாகப் பிடித்து ஹேண்டிலில் கட்டிவிட்டு, இரண்டு மூன்று ஸ்பூன் எண்ணெய் ஊற்றுங்கள். கீழ் முனைக்கு அடியில் பழைய துணியை விரியுங்கள். பிறகு நிப்பிளைப் பிடித்துக் கம்பியை மேலும் கீழுமாக மெதுவாக இழுத்து விட்டுக்கொண்டே இருங்கள். எண்ணெய் தன் எடையில்தான் இறங்கவேண்டும், அவசரப்பட்டால் ஒன்றும் நடக்காது. ஒரு டீ குடித்துவிட்டு வந்தாலும் தப்பில்லை. கீழே முதலில் வருகிற சொட்டு கறுப்பாகவோ செம்பழுப்பாகவோ இருக்கும். இத்தனை நாள் உங்கள் விரலோடு மல்லுக்கட்டியது அதுதான். எண்ணெய் தெளிவாகச் சொட்டுகிறவரை விடுங்கள். கவர் வேண்டாம் என்றால் மருந்துக் கடையில் ஊசி இல்லாத சிரிஞ்ச் ஒன்று வாங்கி, கேபிள் வாயில் சொட்டுச் சொட்டாக விடலாம். நேரம் கூட ஆகும், சிந்துவது குறையும். கேபிள் வாயைக் கவ்விப் பிடித்து ஸ்பிரேயை உள்ளே செலுத்தும் சிறிய கிளாம்ப் ஒன்றும் ஆன்லைனில் கிடைக்கிறது. பத்துப் பேர் சேர்ந்து ஒன்று வாங்கினால் எல்லோருக்கும் ஆகும்.

கேபிள் கழன்றிருக்கும்போதே லிவர் போல்ட்டையும் கழற்றித் துடைத்து, மெல்லிய கிரீஸ் தடவிப் பூட்டுங்கள். நிப்பிள் குழியைத் துணியால் துடைத்து அங்கேயும் துளி கிரீஸ். இந்த இரண்டு இடத்துக்குக் கிரீஸ்தான் சரி. திரும்ப மாட்டியதும் லிவர் முனையில் ஃப்ரீ பிளே, அதாவது கம்பி இழுபடுமுன் லிவர் சும்மா நகர்கிற தூரம், எவ்வளவு என்று பாருங்கள். 100, 125 சிசி பைக்குகள் பலவற்றின் கையேட்டில் 10 முதல் 20 மில்லிமீட்டர் என்று இருக்கும். ஃப்ரீ பிளே இல்லாமல் இறுக்கினால் கிளட்ச் எப்போதும் பாதி பிடித்த மாதிரியே இருந்து பிளேட் உண்மையாகவே தேய்ந்துவிடும். அதிகம் விட்டால் கியர் முரண்டு பண்ணும்.

ஆக்ஸிலேட்டர் கேபிளில் கொஞ்சம் பயம் வேண்டும். அது கடினமானால் கைவலியோடு போகாது. முறுக்கியது மூடாமல் நின்றுவிடும். வலது கை சுவிட்ச் பெட்டியின் ஸ்க்ரூக்களைக் கழற்றினால் நிப்பிள் தெரியும். சில சொட்டு போதும். அதிகம் விட்டால் கீழே கார்புரேட்டர்வரை போய் மண்ணைச் சேர்க்கும். கைப்பிடி சுழல்கிற குழாயையும் ஹேண்டில் பாரையும் சுத்தமாகத் துடைத்துப் பூட்டுங்கள். முடிந்ததும் எஞ்சினை அணைத்தபடியே ஹேண்டிலை இடது கோடி, நேர், வலது கோடி மூன்றிலும் வைத்து முறுக்கி விடுங்கள். ஒவ்வொரு இடத்திலும் தானாக டக்கென்று மூடவேண்டும். அடுத்து எஞ்சினை ஐடிலிங்கில் விட்டு, நியூட்ரலில் ஹேண்டிலை இரண்டு பக்கமும் திருப்புங்கள். எஞ்சின் சத்தம் ஏறினால் கேபிள் எங்கோ இழுபடுகிறது; பாதையைச் சரிசெய்யாமல் ரோட்டில் ஏறாதீர்கள். ஓடும்போது ஆக்ஸிலேட்டர் மூடாமல் மாட்டிக்கொண்டால் கிளட்சைப் பிடியுங்கள், கில் சுவிட்ச் இருந்தால் அதை, இல்லாவிட்டால் சாவியை ஆஃப் செய்து ஓரம்கட்டுங்கள். இதை இன்றைக்கே நின்ற வண்டியில் கையால் பழகி வையுங்கள்.

டிரம் பிரேக் கேபிளுக்கும் அதே கவர் முறைதான். ஒரே எச்சரிக்கை: கீழ் முனையைப் பிரேக் கையிலிருந்து கழற்றி, துணியில் சுற்றி வெளியே தள்ளி வைத்துக்கொண்டு எண்ணெய் விடுங்கள். பிரேக் ஷூவில் எண்ணெய் பட்டால் பிரேக் பிடிக்காது. டிஸ்க் பிரேக்கில் கேபிள் கிடையாது. அந்த லிவர் பக்கம் எண்ணெய் டப்பாவே போகவேண்டாம்.

ஸ்கூட்டர் ஓட்டுகிற தங்கைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்களுக்குக் கிளட்ச் இல்லை, ஆனால் பின் பிரேக் கேபிள் முழு வண்டி நீளத்துக்கும் ஓடுகிறது. அதன் கீழ் முனை பின் சக்கரத்துச் சேற்றிலேயே கிடக்கிறது. இடது லிவர் கடினமாகிறதென்றால் அங்கேதான் பாருங்கள். 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த சிறிய ஸ்கூட்டர்களில் இடது லிவர் பிடித்தால் முன் பிரேக்கும் சேர்ந்து பிடிக்கிற அமைப்பு உண்டு. அதில் எண்ணெய் நீங்களே விடலாம், அட்ஜஸ்ட்மெண்டை மட்டும் மெக்கானிக்கிடம் விடுங்கள். மின்சார ஸ்கூட்டர்களில் பெரும்பாலும் ஆக்ஸிலேட்டர் கேபிளே கிடையாது. டிரம் பிரேக் இருந்தால் அதற்குக் கேபிள் இருக்கும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று கேட்பீர்கள். நாள் முழுக்க ஊருக்குள் ஓட்டுகிறவர்கள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை செய்யவேண்டும் என்பது என் கருத்து. முடியாதவர்கள் மழைக்கு முன் ஒன்று, மழைக்குப் பின் ஒன்றாவது கட்டாயம். சர்வீஸுக்கு விடும்போது கேபிளுக்கு எண்ணெய் என்று ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். எழுதாத வேலை பல இடங்களில் நடப்பதில்லை.

ஆர்டர் வருகிறவரை ஓட்டல் வாசலில் ஒன்றாகத்தான் நிற்கிறீர்கள். ஒரு எண்ணெய் பாட்டில், ஒரு சிரிஞ்ச், ஒரு டேப் சுருள், ஒரு ஸ்பேனர் செட். நாலு பேர் சேர்ந்து வாங்கி யாராவது ஒருவர் சீட்டுக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள். தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுங்கள். லடாக் போகிற புல்லட்காரர்கள் புதுக் கிளட்ச் கேபிள் ஒன்றைப் பழையதோடு சேர்த்துப் பாதை போட்டு வைத்துக்கொள்வார்கள், அறுந்தால் முனைகளை மாற்றிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். இரவு நேரம் ஓட்டுகிறவர்கள் அதையும் செய்யலாம்.

இதனால் என் கடைக்கு வரும் கேபிள் வேலை குறையும், குறையட்டும். சந்தேகம் என்றால் மதியம் கூட்டம் இல்லாத நேரத்தில் வாருங்கள், உங்கள் கையாலேயே செய்யவைத்துக் காட்டுகிறேன், அதற்குக் காசு வேண்டாம். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் உங்களுக்கும் நேரம் இருக்காது, எனக்கும் இருக்காது. அதற்கு முன்பே ஒரு தடவை எண்ணெய் விட்டுவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மெக்கானிக் அண்ணன்